ஆணி ஒட்டாத காந்தம்

மாவு மில்லில் அவளை எல்லோரும் காந்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கோதுமை விழும் குழாயின் வாயில் முழங்கை நீளத்துக்கு ஒரு காந்தக் கட்டை உண்டு. ஷிப்டு முடியும்போது அதை உருவித் துடைத்து, அதில் ஒட்டியிருக்கும் ஆணி, கம்பித் துண்டு, இரும்புத் தூள் அத்தனையையும் நோட்டில் அன்றைய தேதிக்குக் கீழே டேப் போட்டு ஒட்ட வேண்டும். ஆறு வருஷமாக அவள் வேலை அது. அந்த நோட்டைப் புரட்டினால் விரல் கிழியும் என்று கேலி செய்வார்கள்.

மூன்று வாரமாக நோட்டில் ஒன்றுமே ஒட்டவில்லை. மூன்றாம் நாளே மெக்கானிக்கிடம் சொன்னாள். "கோதுமை சுத்தமா வருது. சந்தோஷப்படும்மா" என்று அவர் சிரித்துவிட்டுப் போனார்.

சந்தோஷம் நேற்றோடு முடிந்தது. இந்த மில் மாவில் சுட்ட ஒரு பேக்கரி ரொட்டியில் ஆணி கடிபட்டு ஒருவருக்குப் பல் உடைந்துவிட்டது. இன்று மேனேஜர் மேஜையில் அந்த ஆணி ஒரு பிளாஸ்டிக் பையில் கிடந்தது. பக்கத்தில் டைப் அடித்த கடிதம். காந்தத்தைத் துடைக்காமலே துடைத்ததாக நோட்டில் பொய் எழுதினேன் என்று அவள் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். கையெழுத்துப் போட்டால் வேலை போகும். அந்தக் கடிதம் இருக்கும்வரை வேறு எந்த மில்லும் அவளை வாசலில் கூட நிற்க விடாது.

"அண்ணி, போட்டுத் தொலைங்க" என்று காதைக் கடித்தாள் பேக்கிங்கில் வேலை பார்க்கும் நாத்தனார். "பெரிய இடத்தோட மோதி என்ன ஆகப் போகுது?"

"செய்யாத தப்புக்கு என் பேரையா குடுப்பேன்? போய் உன் மூட்டையப் பாரு."

நோட்டையும் காந்தக் கட்டையையும் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போனாள். மெக்கானிக் ஏற்கெனவே அங்கே நல்ல பிள்ளையாக நின்றிருந்தார்.

அவள் பையைப் பிரித்து ஆணியை எடுத்தாள். கட்டையில் வைத்தாள். ஆணி வழுக்கி மேஜையில் விழுந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது.

"துடைச்சா மட்டும் இது ஒட்டுமா சார்?"

மேனேஜர் தானே வாங்கி வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை.

"போன மாசம் இதோட உறை வளைஞ்சிருந்தது. உள்ள இருக்கற காந்தத்தக் கழட்டாம, அப்படியே காஸ் நெருப்புல செவக்கக் காய்ச்சி, சுத்தியலால தட்டி நிமிர்த்தினாரு இவரு. அன்னைக்கு வரைக்கும் நோட்டப் பாருங்க, பக்கத்துக்குப் பக்கம் இரும்பு. மறுநாள்லேருந்து காலி."

"இரும்பு அப்படியே இருக்கு, எடையும் குறையல. சூடு பட்டா காந்தம் எங்க போகும்? இதெல்லாம் இந்தம்மாவுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார் மெக்கானிக்.

"என் வீட்டு அடுப்பு சொல்லிக் குடுத்துச்சு. பொண்ணோட பொம்மைக் காந்தம் பர்னர் மேல விழுந்துச்சு. அதுக்கப்புறம் பிரிட்ஜுல ஒட்டவே இல்ல. ஏன்னு அவ பாடப் புத்தகத்தப் புரட்டினேன். இரும்பு எங்கயும் போகாது. உள்ள துணுக்குத் துணுக்கா ஒரே பக்கம் பாத்து நிக்குதே, அதனாலதான் அது காந்தம். நெருப்புல காய்ச்சினா ஆளுக்கொரு பக்கம் திரும்பிடும். சுத்தியலால வேற அடிச்சா கேக்கவே வேண்டாம்."

மெக்கானிக் மேனேஜரைப் பார்த்துச் சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை.

அவள் மெக்கானிக் பக்கம் திரும்பினாள். மெக்கானிக்கின் சட்டைப் பையில் வட்டமாக ஒரு காந்தம் எப்போதும் இருக்கும். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்தது. கீழே விழுந்த திருகாணி பொறுக்க அவருக்கு அது இல்லாமல் முடியாது. யாருக்கும் இரவல் தரமாட்டார்.

"சூடு ஒண்ணும் பண்ணாதுன்னா ரொம்ப நல்லது அண்ணே. பையில இருக்கறத எடுங்க. காஸ் பத்த வைங்க. அஞ்சு நிமிஷம் காட்டுங்க. அதுக்கப்புறமும் இந்த ஆணிய அது தூக்கினா, கடுதாசியில ரெண்டு கையெழுத்தாப் போடறேன்."

மெக்கானிக் கை சட்டைப் பைக்குப் போனது. எடுக்கப் போகிறார் என்றுதான் மேனேஜர் கூட நினைத்தார். ஆனால் அந்தக் கை பையின் மேலேயே பொத்திக்கொண்டு நின்றுவிட்டது.

"எடுங்களேன்" என்றார் மேனேஜர்.

"சார், அது... அப்புறம் ஒண்ணத்துக்கும் ஆகாது சார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

மேனேஜர் கடிதத்தை எடுத்துக் குறுக்கே கோடு போட்டார். "நீ போம்மா. வேற எழுதிக்கறேன்."

"எழுதுங்க சார். கீழ சாட்சின்னு ஒரு இடம் விடுங்க. அங்க நான் கையெழுத்துப் போடறேன். அதுவரைக்கும் இங்கேயேதான் நிப்பேன்."

நின்றாள். நிற்கிற நேரத்துக்கு வெட்டியாக இருப்பானேன் என்று நோட்டைத் திறந்து, அன்றைய தேதியைப் போட்டு, அதன் கீழே அந்த ஆணியை வைத்து அழுத்தி டேப் ஒட்டினாள்.