ஆற்றைத் தாண்டாத கம்பெனி

எங்கள் கேப்டனை நாங்களே தேர்ந்தெடுப்போம் என்று மார்தட்டிக்கொள்ளும் ஊர் பெத்வெல். நியூயார்க் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், காட்டை வெட்டிக் கோதுமை விதைத்த அறுபது வீடுகள். கொஞ்ச தூரத்தில் நயாகரா ஆறு, அதற்கு அக்கரையில் இங்கிலீஷ்காரனின் கனடா. ஊர்ப்படைக்குத் தலைவன் வேண்டுமென்றால் ஊர்ப் புல்வெளியில் கூடுவார்கள், ஆப்பிள் கள் பீப்பாயைத் திறப்பார்கள், கையைத் தூக்குவார்கள். யாருக்கு அதிகக் கையோ அவனுக்குச் சிவப்பு இடுப்புப் பட்டை. ராஜாவைத் துரத்திவிட்ட நாட்டில் வேறு எப்படிச் செய்வதாம்?

அந்தப் பட்டையின் மேல் மர அறுவை மில்லுக்காரன் அசாஹேல் கிபிக்குக் கொள்ளை ஆசை. மே மாதத் தேர்தலில் எதிராளி இரண்டு பீப்பாய் திறந்தான். அசாஹேலிடம் இருந்தது ஒன்று. அதுவும் பாதி. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தான்.

"என்னத் தேர்ந்தெடுத்தீங்கன்னா உங்கள்ல ஒருத்தனக்கூட நயாகரா ஆத்தத் தாண்டிக் கூட்டிட்டுப் போக மாட்டேன்! பைபிள் மேல சத்தியம்!"

சத்தியமும் செய்தான். கைகள் காடாக உயர்ந்தன. போர் வரவா போகிறது என்ற நினைப்பில் அள்ளிவிட்ட வாக்கு அது. அடுத்த மாதமே, 1812 ஜூனில், இங்கிலாந்தோடு போர் வந்தது.

கூட்டத்தில் கை தூக்காதவன் அவனுடைய தம்பி லெமுவேல் ஒருவன்தான். பதினைந்து வயது இளையவன். அப்பா போன பிறகு அசாஹேல்தான் அவனுக்குச் சோறு போட்டு, கோடரி பிடிக்கக் கற்றுக்கொடுத்து ஆளாக்கினான். அந்தத் தம்பி, போர் என்று தெரிந்த அன்று மில்லுக்குள் வந்து முகத்துக்கு நேராகவே கேட்டான்.

"ஏண்ணே, இங்கிலீஷ்காரன் நடுக்கடல்ல நம்ம கப்பல்ல ஏறி நம்ம ஆளுங்களையே புடிச்சிட்டுப் போறான். நீ என்னடான்னா வேலிய விட்டு வெளிய வர மாட்டேன்னு சத்தியம் பண்ற. நீ கேப்டனா, இல்ல கோழிக்கூண்டுக்குக் காவக்காரனா?"

சொல்லிவிட்டுப் போய்ச் சம்பளப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். அசாஹேலுக்கு அன்று வந்த கோபத்தில் தம்பி விட்டுச்சென்ற தொப்பியைத் தூக்கி ஆற்றோடையில் எறிந்தான். பிறகு அவனே முழங்கால் தண்ணீரில் இறங்கி எடுத்து வந்தான்.

இப்போது அக்டோபர். நசநசவென்று குளிர்மழை. பெத்வெல் கம்பெனி என்று பேர் வாங்கிய ஊர்ப்படையின் அறுபத்து மூன்று பேரும் நயாகராவின் இக்கரைச் சேற்றில் காலை முதல் நிற்கிறார்கள். சம்பளப் பட்டாளம் விடியும்போதே படகில் அக்கரைக்குப் போய் மலையைப் பிடித்துவிட்டது. லெமுவேல் அந்த மலைமேல் இருக்கிறான். இங்கிருந்து பார்த்தால் உச்சியில் வெள்ளைப் புகை கிளம்புவது தெரிகிறது, சத்தம் கொஞ்சம் பிந்திக் கேட்கிறது.

பதினொரு மணி வாக்கில் காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு படகு வந்தது. அடித்தளத்தில் மழைத்தண்ணீரும் ரத்தமும் கலந்து கிடந்தன. அதைப் பார்த்ததுமே கம்பெனியில் பாதிப் பேர் இரண்டடி பின்னால் போனார்கள். கையில் கட்டுப்போட்ட சார்ஜன்ட் ஒருவன் இறங்கி, "பெத்வெல் கேப்டன் யாருப்பா?" என்று கேட்டான்.

"நாந்தான்."

"உங்க தம்பி லெம் சொல்லிவிட்டாப்ல. மலைய இன்னும் நாமதான் வச்சிருக்கோம். தோட்டா தீந்துட்டே வருது. வடக்கேருந்து செவப்புச் சட்ட இங்கிலீஷ்காரன் வந்துட்டிருக்கான், மூணு மணிக்கு மேல தாங்காது. ஆனா லெம் இருக்கானே, எங்கண்ணன் அறுபது பேரோட கீழ நிக்கிறாரு, கண்டிப்பா வருவாருன்னு அத்தன பேர்கிட்டயும் சொல்லிட்டுத் திரியிறான். பசங்களும் அத நம்பித்தான் நிக்கிறானுங்க."

கோழிக்கூண்டுக் காவல்காரன் என்று சொன்ன வாய் இன்று இப்படிச் சொல்கிறதே! திரும்பி, கம்பெனியைப் பார்த்துக் கத்தினான்.

"படகுல ஏறுங்கடா!"

ஒருவரும் அசையவில்லை. பீப்பாய் செய்கிற ஜாபெஸ் தொண்டையைச் செருமினான். ஊரில் அரசியல் சாசனத்தை முழுசாகப் படித்தவன் அவன்தான். ஊர் வழக்குகளில் யாரும் கூப்பிடாமலே சாட்சி சொல்லப் போகிற ஆசாமி.

"அசாஹேல், கோவப்படாம கேளு. ஊர்ப்படைய மூணு காரியத்துக்குத்தான் கூப்பிடலாம். சட்டத்த நெறவேத்த, கலகத்த அடக்க, நம்ம மேல படையெடுத்து வர்றவன வெரட்ட. அடுத்தவன் மண்ணுல போய் ஏறுறது இதுல எதுய்யா? அது கெடக்கட்டும், புல்வெளியில நீ சத்தியம் பண்ணல?"

"மேல இருக்கிறது என் தம்பி, ஜாபெஸ்!"

"எனக்குத் தெரியாதா? லெம் எனக்கும் புள்ள மாதிரிதான். ஆனா என் புள்ளைங்க அஞ்சு பேரு வீட்ல இருக்காங்களே."

அதில் நக்கல் இல்லை. அதுதான் அசாஹேலைக் கொன்றது. திட்டினால் திருப்பித் திட்டலாம். இவர்களோ ஒருவன் ரம் குப்பியை நீட்டினான், ஒருவன் தோளைத் தடவிக்கொடுத்தான். நாளைக்கும் இவர்கள் மரம்தான் அவன் மில்லுக்கு வரும், இவர்கள் வீட்டுக் கல்யாணத்தில்தான் அவன் சாப்பிட வேண்டும். துப்பாக்கியைக் காட்டி மிரட்ட இவர்கள் என்ன கூலிப்பட்டாளமா?

"ஓட்டெடுப்போம்," என்றான் அசாஹேல். அவனுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. "போறவங்க கைய தூக்குங்க."

கல்யாணமாகாத எட்டுப் பேர் தூக்கினார்கள். மற்றவர்கள் தூக்காததைப் பார்த்து, எட்டில் ஐந்து கைகள் மெல்லக் கீழே இறங்கின. கடைசி மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கையைக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டார்கள்.

காயம்பட்டவர்களை இறக்கிவிட்ட படகு காலியாக நின்றது. துடுப்பு உள்ளேயே கிடந்தது. ஆறு அங்கே இருநூறு கஜம்தான் இருக்கும். அசாஹேல் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு காலை உள்ளே வைத்தான். படகு ஆடியது. அடித்தளத்து ரத்தத்தண்ணீர் அவன் பூட்ஸைச் சுற்றி வந்தது. மலைமேல் மறுபடி புகை.

"வாக்குக் குடுத்துட்டேனே," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். "வாக்குக் குடுத்துட்டேன்யா!"

காலை எடுத்துக்கொண்டான். சார்ஜன்ட் அவனைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டாம். ஒற்றைக் கையால் கரையில் கிடந்த இரண்டு தோட்டாப் பெட்டிகளை இழுத்துப் படகில் போட்டுக்கொண்டு, கட்டுப்போட்ட கையாலும் துடுப்பைப் பிடித்து, தள்ளாடித் தள்ளாடி அவன் மட்டும் திரும்பிப் போனான்.

மூன்றரைக்குப் புகை நின்றது. நாலு மணிக்கு உச்சியில் வெள்ளைத் துணி ஏறியது. கொஞ்ச நேரத்தில் சிவப்புச் சட்டைகளுக்கு நடுவே ஒரு வரிசை மலையை விட்டு இறங்குவது தெரிந்தது. இவ்வளவு தூரத்தில் யார் முகமும் தெரியவில்லை. அந்த வரிசையில் லெமுவேல் இருக்கிறானா, மேலேயே கிடக்கிறானா? அசாஹேல் கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தான். எண்ணிப் பார்த்தான். எண்ணி என்ன பிரயோஜனம்?

கம்பெனி அடுப்பு மூட்டி, பன்றிக்கறியும் சோள ரொட்டியும் சுட ஆரம்பித்தது. ஜாபெஸ் ஒரு துண்டு ரொட்டியைக் கொண்டுவந்து அசாஹேலின் கையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சாப்பிடுய்யா. லெம்மு கெட்டிக்காரன், கைதியாத்தான் இருப்பான். பட்டினி கெடந்து என்ன ஆவப்போவுது?"

"நான் என்ன பண்ணட்டும் ஜாபெஸ்? சத்தியம் என் கையக் கட்டிப்போட்டுடிச்சு. நீயே சொன்னியே."

ஜாபெஸ் சட்டம் பேசுகிறவன். தவறாக ஒரு வார்த்தையை விட அவனுக்கு மனசு வராது. குத்திக்காட்டும் எண்ணம் அவனுக்குக் கொஞ்சமும் இல்லை. நெருப்பைப் பார்த்தபடி நிதானமாகச் சொன்னான்.

"எங்களக் கூட்டிட்டுப் போக மாட்டேன்னுதானய்யா சத்தியம் பண்ணே. நீ போகக்கூடாதுன்னு அதுல எங்க இருக்கு?"

அசாஹேல் ரொட்டியைக் கீழே வைத்தான். படகில் ஒரு காலை வைத்திருந்தபோதே அது அவனுக்குத் தெரியும்.