ஏழு கெஜம்

இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. வலது மணிக்கட்டு கட்டில்லாமலே வலித்தது. பதினோரு வருஷம் கோழித் தொழிற்சாலையில் கத்தி பிடித்து எலும்பெடுத்த கை. லீவு நாளிலும் விரல்கள் மரத்துப்போகும். அந்தக் கையால் காரை ஓட்டிக்கொண்டு வர்ஜில் ஸ்ட்ரவுட்டின் துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்துக்குப் போனேன்.

முந்தின செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து கார் கதவைத் திறந்தபோது ராய்ஸ் பின்னால் நின்றான். விவாகரத்தான புருஷன். என்னை நெருங்கக் கூடாதென்று கோர்ட் கொடுத்த காகிதம் என் பையில் இருந்தது. என் கோட்டுக்குள் இடுப்பில் துப்பாக்கியும் இருந்தது. அவன் ஒரு கை தூரத்தில். நான் என்ன செய்தேன்? பின்னால் நகர்ந்தேன். ஸ்ட்ரவுட் வகுப்பில் பழக்கிய ஏழு கெஜம் தூரத்தை உடம்பு தேடியது. காலை அகட்டி நிற்க வேண்டும், இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். இடறி மல்லாந்து விழுந்தேன். அவன் என் கையை மிதித்து உடைத்தான், துப்பாக்கியை உருவிக்கொண்டான், திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். போலீஸ் இன்னும் அவனைப் பிடிக்கவில்லை.

ஸ்ட்ரவுட் கவுண்டரில் காபி குடித்துக்கொண்டிருந்தார். ஷெரிப் ஆபீஸில் இருபது வருஷம் போலீஸாக இருந்தவர். கட்டைப் பார்த்து வருத்தப்பட்டார். அப்புறம் என் தேர்வுத் தாளை எடுத்துக் காட்டினார். ஐம்பது தோட்டாவில் நாற்பத்தெட்டு நடுவில். எனக்குச் சுடத் தெரியும், பதறிவிட்டேன், அவ்வளவுதான் என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உறையிலிருந்து உருவ ஒரு தடவையாவது விட்டீர்களா என்று கேட்டேன். இங்கே உருவக் கூடாது, மேசையிலிருந்து எடுத்துத்தான் சுட வேண்டும், இன்சூரன்ஸ்காரன் விதி என்றார்.

"அவன் மேசை போட்டுக் குடுக்கலை, சார்."

அலமாரியில் பயிற்சிக்கு வைத்திருந்த நீல பிளாஸ்டிக் துப்பாக்கி கிடந்தது. அவருடைய நிஜத் துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டவைத்தேன். பிளாஸ்டிக்கை உறையில் செருகி, மேலே சட்டையை இழுத்துவிடச் சொன்னேன். மூன்றடி தள்ளி நின்றேன்.

"நாந்தான் ராய்ஸ். ஒத்தக் கைதான் இருக்கு. வரட்டுமா?"

"ஏம்மா லொரேட்டா, கை ஒடிஞ்சவகூட என்னை மல்லுக்கட்டச் சொல்றியா?"

பாய்ந்தேன். அவர் சட்டையைத் தூக்குவதற்குள் என் தோள் அவர் மார்பில் இடித்தது. அவரும் பின்னால்தான் நகர்ந்தார். ஐந்து தடவை செய்தோம். ஐந்திலும் பிளாஸ்டிக் வெளியே வரவில்லை. ஆறாவதில் அவர் முகத்தில் சிரிப்பு போயிருந்தது. பின்னால் போகாமல் பக்கவாட்டில் விலகினார். இடது முழங்கையால் என்னைத் தள்ளினார். அதற்கப்புறம்தான் வலது கை இடுப்புக்குப் போனது. துப்பாக்கியை நீட்டவும் இல்லை. என் கைக்கு எட்டாமல் விலாவோடு ஒட்டிப் பிடித்தார்.

நேற்றுக் கற்ற ஆள் செய்கிற வேலையில்லை அது.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியும்," என்றேன்.

தெரியும் என்றார். ஷெரிப் ஆபீஸில் இப்படித்தான் பழகினார்களாம். இடியும் தள்ளலுமாக வகுப்பு நடத்தினால் ஆட்கள் பாதியில் ஓடிவிடுவார்கள். காகிதத்தில் ஓட்டை விழுந்தால் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள்.

"அப்ப தெரிஞ்சேதான் அனுப்புனீங்க."

அவர் பிளாஸ்டிக் துப்பாக்கியை என்னிடம் நீட்டினார்.

அன்றிலிருந்து தினமும் அவரை ராய்ஸாக நிறுத்திப் பயிற்சி எடுக்கிறேன். கார் கதவோரம், கோட்டு ஜிப்பை மேலே இழுத்தபடி, சீட்டில் பெல்ட் மாட்டியபடி. பத்தில் ஆறு முறை பிளாஸ்டிக்கை உருவிவிடுகிறேன். நாலு முறை செத்துப்போகிறேன். ராய்ஸ் வெளியேதான் திரிகிறான், என் துப்பாக்கியோடு.

இந்த வருஷம் மட்டும் நாற்பத்தொரு பெண்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ள ஸ்ட்ரவுட்டிடம் சர்டிபிகேட் வாங்கியிருக்கிறார்கள். ஆர்கன்சா மாநிலம் முழுக்க அதை நம்பிக் கார் கதவைத் திறக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு, கற்றுக்கொடுத்தது போதாது, திரும்ப வாருங்கள் என்று சொல்லச் சொன்னேன். சரி என்றார். மூன்று வாரமாகிறது, ஒருத்தியைக்கூடக் கூப்பிடவில்லை. அந்த உண்மை நாற்பத்தொரு பேருக்கும் அவர் தீர்க்க வேண்டிய கடன்.