மைக்கிலேயே சொல்லுங்க, பெரியப்பா

குவாங்சோ நகரம் நாலாபக்கமும் வளர்ந்து வந்து எங்கள் வயல்களை விழுங்கிய பிறகு, எங்களிடம் மிச்சமிருப்பவை ஓர் ஓடை, ஒரு குல மண்டபம், ஒரு டிராகன் படகு. மூன்றுக்கும் ஒரே தலைவர், மாக் கீன்-பொங். வட்ட அலுவலகத்தில் துணை ஏதோவாக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்குத் துணை என்று எங்களுக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்பது என் மனைவியின் கட்சி. கழுத்தில் ஊதல், கையில் மைக். மைக் இல்லாமல் அவர் பேசிக் கேட்டவர்கள் குறைவு. தேநீர்க் கடையில் கோழிக்கால் கேட்பதைக்கூட அறிவிப்பாகத்தான் கேட்பார்.

எங்கள் படகில் போன ஆண்டு முரசு அடித்தவன் மாக் ஹோய்-சாங். என் வாத்து வறுவல் கடைக்கு எதிர்வீட்டு யுக்-லானின் மகன். அவன் அப்பா சூமாயிலா ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக்காரர். எங்கள் தெருவில் பொத்தான் மொத்த வியாபாரம். மகள் வழிப் பிள்ளை என்றால் எங்களை 'மாமா' என்றுதான் கூப்பிட வேண்டும். கீன்-பொங்கும் அதைத்தான் எதிர்பார்த்தார். ஆனால் யுக்-லான் பிள்ளைக்குத் தன் குலப்பெயரை வைத்து, 'பெரியப்பா' என்று கூப்பிடவும் பழக்கிவிட்டாள். மாமா என்றால் வாசலோடு சரி; பெரியப்பா என்றால் மண்டபத்துக்குள் இடம் உண்டு. அவன் ஒவ்வொரு முறை "பெரியப்பா" என்னும்போதும் கீன்-பொங்குக்கு இருமல் வரும்.

முரசுக்காரன் என்றால் சும்மா இல்லை. துடுப்புப் போடுகிறவன் ஆற்றைப் பார்ப்பதில்லை, முரசைக் கேட்கிறான். ஹோய் அடித்தால், முழங்கால் வலிக்காரனான எனக்கே இருபது வயது குறையும்.

அவன் முரசடிக்கும் காட்சியை யாரோ படமெடுத்து இணையத்தில் போட்டார்கள். வந்தது வசவு வெள்ளம். 'முன்னோர் படகில் இவனுக்கு என்ன வேலை?' 'ரத்தம் கலந்துவிட்டது, நாடு போச்சு.' மழைக்கும் பஞ்சமான ஏதோ மாகாணத்திலிருந்து ஒருவர், டிராகனின் கண்ணில் நீர் வடிவதைத் தான் பார்த்ததாக எழுதினார். அது ஓடைத் தண்ணீர். படகு என்றால் நனையும்.

இந்த ஆண்டு படகு எடுக்கும் நாள் நெருங்கியபோது, குல மண்டபத்து ஒலிபெருக்கி கரகரத்தது. தற்போதைய இணையச் சூழ்நிலையையும் குலத்தின் நற்பெயரையும் முன்னிட்டு, மாக் ஹோய்-சாங் முரசுப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டு, பட்டாசுப் பிரிவின் தலைமைப் பொறுப்புக்கு உயர்த்தப்படுகிறார் என்று கீன்-பொங் அறிவித்தார். பட்டாசுப் பிரிவு என்று ஒன்று அதுவரை இல்லை. அதில் தலைவரைத் தவிர வேறு உறுப்பினரும் இல்லை.

ஹோய் நேராக என் கடைக்கு வந்தான்.

"கேட்டீங்களா சித்தப்பா? எனக்கு பதவி உயர்வு."

"கேட்டேன்டா. ஊரே கேட்டுச்சு."

"பட்டாசு கொளுத்த நான் எதுக்கு? ஒரு ஊதுபத்தி போதும்."

"நீ போய் அவர்கிட்ட பேசிப் பாரேன்."

"நான் எதுக்கு கெஞ்சணும்? முரசு குடுத்தா அடிப்பேன். இல்லேன்னா எங்கப்பாவோட உட்கார்ந்து பொத்தான் எண்ணுவேன். கரையில நின்னு வெடி போட மாட்டேன்."

ஒரு வாத்துக்கால் வெட்டிக் கொடுத்தேன். கோபத்திலும் முழுசாகத் தின்றான். நல்ல பிள்ளை.

கீன்-பொங்கை மட்டும் குறை சொல்வது நியாயம் ஆகாது. அவருக்குப் பயத்தை ஊட்டியது கைப்பேசியில் உள்ள எங்கள் குடும்பக் குழுதான். அதில் ஆறாவது அத்தை காலையில் ரோஜாப்பூப் படத்துடன் வணக்கம் போடுவாள். பின்னாலேயே 'ஆப்பிரிக்கர்களால் நோய் வருகிறது, பெண்களே கவனம்' என்று ஒன்று வரும். அதை அவள் எங்கிருந்து அனுப்புவாள் தெரியுமா? சூமாயிலாவின் கடையிலிருந்து. அங்கேதான் மின்விசிறி நன்றாகச் சுற்றும்.

"அத்தை, இது யாரைப் பத்தி?" என்று ஒரு நாள் அவரே கேட்டார். எங்கள் ஊர்ப் பேச்சை எங்களைவிட வேகமாகப் பேசுவார்.

"ஐயே, உன்னையா சொன்னேன் ஆ-சூ? நீ நம்ம ஆளு. இது மத்தவங்களை."

"மத்தவங்க யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதான பயமே! எதுக்கும் இருக்கட்டும்னு அனுப்பினேன்."

எதுக்கும் இருக்கட்டும். இந்த வண்டியில் ஏறித்தான் பொய் ஊர் ஊராகப் போகிறது. டிக்கெட் கிடையாது, ஓட்டுநர் கிடையாது. ஏற்றிவிட்டவர்கள் எல்லாரும் நல்லவர்கள்; ஒருவருக்கும் ஒருவர்மீதும் விரோதம் இல்லை.

எங்கள் சந்திரக் கணக்கில் நான்காம் மாதம் எட்டாம் நாள் படகைத் தோண்டி எடுத்தோம். வெயிலில் மரம் வெடிக்காமலிருக்க, ஆண்டு முழுவதும் அதை ஓடைச் சேற்றுக்குள் புதைத்து வைப்பது எங்கள் வழக்கம். எடுக்கும் நாளில் ஆண்கள் எல்லாரும் கழுத்தளவு சேற்றில் இறங்கிக் கையால் தோண்டுவோம். எங்கள் ஓடைச் சேறு சாதாரணக் கறுப்பு இல்லை. பழைய வாணலியின் அடி.

பாலத்தின்மேல் ஆட்கள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். கீன்-பொங் பார்த்தார்.

"ஹோய், நீ எறங்காத. மேலேயே நின்னு தண்ணிக் குழாயைப் பிடி. படத்துல விழுந்துடாத, புரியுதா?"

"புரியுது, பெரியப்பா."

இருமல்.

பிறகு, பத்திரிகைக்காரர் ஒருவர் வந்திருப்பதாக யாரோ சொல்ல, தலைவரே வெள்ளைச் சட்டையோடு, மக்களோடு மக்களாக, சேற்றில் இறங்கினார். இறங்கினார் என்பது மரியாதைக்கு. வழுக்கி விழுந்து, எழுந்தபோது பல் மட்டும்தான் வெள்ளை.

மறுநாள் தேநீர்க் கடையில் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறோம். ஆறாவது அத்தை மூச்சிரைக்க வந்தாள்.

"பாத்தீங்களா? பாத்தீங்களா? ஆப்பிரிக்காக்காரங்க கூட்டமா வந்து எங்கேயோ ஒரு ஊர் படகைத் தூக்கிட்டுப் போறாங்களாம். இப்பத்தான் குழுவில போட்டேன், எதுக்கும் இருக்கட்டும்னு!"

கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். சேறு. படகு. சேற்று மனிதர்கள். பாலத்துக்கு அடியில் எங்கள் ஊர் மீன்கடைப் பலகை.

"அத்தை, இது நாங்க."

"எங்கே?"

"இதோ, இடது ஓரம். இது நான்."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் எங்கள் குலத்தில் கொஞ்சம் சிவப்பு என்று பெயரெடுத்தவன்.

கீழே கருத்துகள் ஆயிரக்கணக்கில். உரக்கப் படித்தோம். 'நம் ஆற்றை எடுத்துக்கொண்டார்கள். நாளை நம் வீட்டை.' 'இடது ஓரத்தில் நிற்பவன் கண்ணிலேயே குற்றம் தெரிகிறது.' தேநீர் என் மூக்கில் ஏறியது. அடுத்ததைப் படித்தவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். 'நடுவில் நிற்கும் தடியன்தான் கூட்டத்தின் தலைவன். பல்லைப் பாருங்கள். இவனைப் பிறந்த ஊருக்கே அனுப்புங்கள்.'

ஒருவரும் கீன்-பொங்கைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்கப் பட்ட பாட்டில் மேசை குலுங்கியது.

"பிறந்த ஊரா?" என்றார் அவர். மைக் கையில் இல்லை. குரல் மிகச் சின்னதாக இருந்தது. "நான் இங்கதானே பொறந்தேன்? அந்த மண்டபத்துக்குப் பின்னாடி…"

"இதை யார் போட்டது?" என்று யாரோ கேட்டார்கள். 'கிழக்கின் கூர்வாள்' என்ற கணக்கு. நாடு, ரத்தம், வாள் என்று தினம் முழங்கும் கணக்கு. அந்த வாளை ஊர் அறியும். கீன்-பொங்கின் மருமகன் லாய். கரப்பான்பூச்சி வந்தால் நாற்காலிமேல் ஏறுகிறவன்.

ஆளனுப்பி வரவழைத்தோம். வந்து நெளிந்தான்.

"நான் எடுக்கலைங்க. வேற ஒருத்தர் போட்டிருந்தார், நான் எடுத்துப் போட்டேன். அவரும் வேற ஒருத்தர்கிட்டேர்ந்து…"

"உன் மாமனார் மூஞ்சி தெரியலையாடா?"

"யாரு மூஞ்சியைப் பாக்கறாங்க? முழுசா பாத்துட்டுப் போட்டா அதுக்குள்ள நாலு பேர் போட்டுடுவாங்க." அழுதுவிடுவான் போலிருந்தது. "ஆரம்பத்துல நான் கஞ்சி செய்யறதுதான் போட்டேன். எங்கம்மா மட்டும் பாத்தாங்க. ஒரு தடவை கறுப்பர்களைப் பத்தி பயமுறுத்திப் போட்டேன், ஊரே பாத்துச்சு. நான் என்ன பண்றது?"

கடைசி மேசையில் அப்பாவோடு உட்கார்ந்திருந்த ஹோய் எழுந்து வந்தான். படத்தைக் கடைசிவரை பார்த்தான். அவன் ஒருவனே அப்படிப் பார்த்தவன் என்று நினைக்கிறேன்.

"இதுல நான் இல்ல," என்றான். "நீங்க சொன்னபடியே வெளியதான் நின்னேன், பெரியப்பா."

இருமல் வரவில்லை.

"ஒரு நாள் பட்டிருக்கீங்க. உங்களுக்குக் குழாய் பிடிச்சு நான்தான் கழுவி விட்டேன், போயிடுச்சு. எனக்கு இந்தக் கறுப்பு சேறு இல்ல. கழுவணும்னு ஆசையும் இல்ல."

சூமாயிலா மகனுக்கு ஒரு கிண்ணம் தேநீர் ஊற்றி வைத்தார். அந்த ஊற்றலில் ஒரு மகாராஜாவின் நிதானம் இருந்தது.

கீன்-பொங் அலுவலகத்தில் பழகியவர். அவமானம் வந்தால் அறிக்கை விடுவார். அன்று மாலையே மண்டபத்தில் வாசித்துக் காட்டினார்: 'படத்தில் இருப்பவர்கள் அனைவரும் தூய மாக் குலத்தவரே. எங்கள் படகில் கறுப்பர் எவரும் இல்லை.'

யுக்-லான் கையைத் தூக்கினாள்.

"அண்ணா, அப்ப என் பிள்ளை யாரு?"

"அது… இது வெளியாட்களுக்காக…"

"வெளியாட்களுக்குச் சொல்லுங்க. நான் உள்ள இருக்கேன், எனக்குச் சொல்லுங்க. அவனோட முரசுக்குத்தானே போன வருஷம் நீங்க கோப்பையை வாங்கிட்டு வந்தீங்க? அந்தக் கோப்பையும் வெளியாளா?"

கோப்பை அவர் தலைக்கு மேலேயே இருந்தது. அவர் நிமிரவில்லை. கூட்டம் கலைந்தது என்று ஊதி முடித்தார்.

ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள், டிராகன் படகுத் திருவிழா. ஓடையின் இரு கரையும் தலைகள். பங்காளி ஊர்ப் படகுகள் முரசு அதிர வந்து நிற்கின்றன. எங்கள் படகில் முரசுக்கு முன்னால் கீன்-பொங்கின் அண்ணன் மகன் டக்-வா. வங்கியில் வேலை. அவன் அடிப்பது, நான் வாத்து வெட்டுவது போல் இருக்கும்; வாத்து வெட்டுவதிலாவது எனக்கு ஒரு தாளம் உண்டு. அணியத்தில், படகின் முன்முனையில், மைக்கோடு தலைவர். அவருக்கு எதிரே லாய், எல்லாவற்றையும் நேரலையில் விடுகிறான்.

ஊதல் ஒலித்தது. டக்-வா அடித்தான். நாங்கள் துடுப்பைத் தண்ணீரில் போடாமல் நட்டமாகத் தூக்கிப் பிடித்தோம்.

முன்கூட்டிப் பேசி வைத்தது என்று பின்னால் சொன்னார்கள். பேசவே இல்லை. எனக்கு முன்னால் இருந்தவன் தூக்கினான், நானும் தூக்கினேன். நல்லதும் சில சமயம் அப்படிப் பரவும்.

"என்னப்பா இது? போடுங்க!" என்றது மைக்.

"சத்தம் கேக்கலை, அண்ணா," என்றேன்.

"அடிக்கிறானே!"

"இது முரசுச் சத்தம் இல்ல. எங்களுக்கு முரசு கேக்கணும்."

டக்-வாவே கோலைக் கீழே வைத்துவிட்டான். பாவம், நிம்மதியாகத்தான் வைத்தான். பங்காளி ஊர்க்காரர்கள் கைதட்டிக் கேலி பண்ண ஆரம்பித்தார்கள்: "மாக் படகு நங்கூரம் போட்டுடுச்சு டோய்!"

கீன்-பொங் கரையைப் பார்த்தார். பாலத்தடியில், பட்டாசு இல்லாமல், கைகளைக் கட்டிக்கொண்டு ஹோய் நின்றான். தலைவர் மைக்கைக் கீழிறக்கி, கையால் மட்டும் 'வா, வா' என்று சைகை காட்டினார். பேருந்தை நிறுத்துவது போல.

ஹோய் அசையவில்லை.

"மைக்கிலேயே சொல்லுங்க, பெரியப்பா!" என்று கத்தினான். "வேணாம்னு மைக்லதானே சொன்னீங்க?"

இரு கரையும் சிரித்தது. கீன்-பொங் லாயின் கைப்பேசியைப் பார்த்தார், எங்கள் துடுப்புகளைப் பார்த்தார், கடைசியில் கோப்பை இருக்கும் மண்டபத்துப் பக்கம் பார்த்தார். கழுத்து ஊதலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டு மைக்கைத் தூக்கினார். இதற்கு மட்டும் அவரைக் கேலி செய்ய மாட்டேன்.

"மாக் ஹோய்-சாங்," என்றார். "மாக் குலத்துப் பிள்ளை. முரசுக்கு வா."

கொஞ்சம் நிறுத்தி, "உன் பெரியப்பா கூப்பிடறேன்," என்றார்.

ஓடை முழுக்கக் கேட்டது. யுக்-லான் முகத்தை மூடிக்கொண்டாள். ஆறாவது அத்தை அவள் முதுகைத் தடவியபடி, மற்ற கையால் படமெடுத்துக் குழுவுக்கு அனுப்பினாள். எதுக்கும் இருக்கட்டும்.

ஹோய் தண்ணீரில் குதித்து நடந்து வந்து ஏறினான். கோலை எடுத்தான். முதல் அடி விழுந்தது. என் முழங்கால் வலி எங்கே போயிற்றோ. எங்கள் துடுப்புகள் ஒரே துடுப்பாக இறங்கின. பாலத்தின்மேலிருந்து சூமாயிலா, பக்கத்தில் நின்றவர்களையெல்லாம் பிடித்து உலுக்கி, எங்கள் ஊர்ப் பேச்சில் கத்திக்கொண்டிருந்தார்: "என் பையன்! அது என் பையன்! டேய், வேகம் பத்தாதுடா!"

லாயின் திரையில் கருத்துகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. எல்லாமே பூச்செண்டாக இருந்திருக்காது. எங்கள் கை ஈரம், ஒருவரும் படிக்கவில்லை.

அணியத்தில் கீன்-பொங் மார்பை நிமிர்த்தி மைக்கில் ஏதோ அறிவித்துக்கொண்டே வந்தார். ஆரம்பத்திலிருந்தே இது தன் யோசனை என்பதாக இருக்கலாம். முரசுச் சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்கவில்லை.