கிண்ணத்தில் வராத பால்

சிவாஜினிக்கு வந்த கோபத்துக்கு மெட்ரோ கரண்ட் இல்லாமலே ஓடியிருக்கும்.

பின்னே என்ன? அன்னையர் தினத்துக்குப் புதுசாக ஒரு கதை வேண்டும் என்று கேட்டதே தமிழ்ச் சங்கத் தலைவர் யோகேந்திரன்தான். அவளும் தன்னோடு கார்டெரியில், அதுதான் பிள்ளைகள் காப்பகத்தில், வேலை செய்கிற துயாராவைக் கூட்டிவந்தாள். துயாரா சைபீரியாவின் சகா இனத்தவள். வெளியார் யாக்கூத் என்று சொல்கிற சனம். அவள் தன் மொழியில் பாட, முன்பே அவளிடம் கேட்டுவைத்த கதையைச் சிவாஜினி தமிழில் சொல்லவேண்டும். ஒரு சொல்லும் மாற்றமாட்டேன் என்று துயாராவுக்கு வாக்கும் கொடுத்திருந்தாள்.

கதை இதுதான். ஆன் அலக்சின் கொத்துன், நிலத்தின் தாய். துயாரா பாடுகிற கதையில் அவளுக்கு அப்பனும் இல்லை, புருசனும் இல்லை. நிலம் உண்டானபோதே பெருமரத்துக்குள் இருந்தவள். நாதியற்ற வீரன் ஒருவன் மரத்தடியில் வந்து அழ, அடிமரம் பிளந்து இடுப்புவரை வெளியே வந்து, தன் மார்பில் பால் கொடுக்கிறாள். அந்தப் பாலில்தான் அவனுக்குப் பலமே வருகிறது.

ஒத்திகையில் இதைக் கேட்ட தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது. குடும்பங்கள் வருகிற இடமாம், மார்பு கீர்பு என்று மைக்கில் சொல்லக் கூடாதாம்.

"எங்கட அம்பாளும் பிள்ளைக்குப் பால் குடுத்தவதானே, தங்கச்சி. பொற்கிண்ணத்தில. அப்பிடி மாத்திச் சொல்லுங்கோ."

சொன்னதோடு விட்டாரா? கோயிலில் கேட்டு வாங்கி, தங்கப்பூச்சுக் கிண்ணம் ஒன்றை மேடையிலேயே கொண்டுவந்து வைத்தார். மரத்துக்குள் இருக்கிறவள் கிண்ணத்துக்கு எங்கே போவாள்? ஹோட்டலா நடத்துகிறாள்?

போன மாதக் கூட்டத்தில் சிவாஜினியின் கைப்பிள்ளை பசித்து அழ, கழிப்பறைக்குப் போய்க் கொடுக்கச் சொன்னதும் இதே மனுசன்தான். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு போய், கழிப்பறை மூடியில் குந்தியிருந்து கொடுத்தாள். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

விழாவன்று துயாராவின் பாட்டில் மரம் பிளக்கிற இடம் வந்தது. முன்வரிசையில் இருந்த தலைவர் கிண்ணத்தைக் கண்ணால் காட்டினார். அந்த நேரம் பார்த்துச் சிவாஜினியின் பிள்ளை வீரிட்டது. புருசன் சாரங்கன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகப் பார்த்தான்.

"இஞ்ச கொண்டுவாங்கோ," என்றாள் மைக்கில்.

மேடைக் கதிரையில் இருந்தபடியே பிள்ளையை நெஞ்சோடு அணைத்துப் பால் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே சொன்னாள்:

"கிண்ணம் இல்லை. நிலத்தின்ர தாய் மரத்துக்குள்ளயிருந்து இடுப்பு வரைக்கும் வெளிய வந்து, தன்ர மார்பில அவனுக்குப் பால் குடுத்தா."

மைக் செத்துவிட்டது. ஆர் நிறுத்தச் சொன்னது என்று மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும். சிவாஜினி தொண்டையைத் திறந்து மிச்சக் கதையையும் சொன்னாள். கடைசி வரிசைக்கும் கேட்டது.

முடிந்ததும் தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு மேடை ஏறினார். கிண்ணம் தந்த கோயில்காரருக்கு இனி என்ன பதில் சொல்கிறது என்று கேட்டார். சிவாஜினி பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டியபடி, மற்றக் கையால் கிண்ணத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"பால் படேல்லை எண்டு சொல்லிக் குடுங்கோ, அண்ணை."