வேலாயி வைக்காத மருந்து

நான்காவது கோழியும் செத்துக் கிடந்த காலையில் பிரேமினி அதைத் தூக்கிக்கொண்டு நேரே தேயிலைத் தோட்ட லயத்தில் பக்கத்து வீடான காம்பராவுக்குப் போனாள். முந்தின மூன்றும் இப்படித்தான் போயின. முதலில் கால் தள்ளாடும். பிறகு கழுத்து துவண்டு அலகு மண்ணைத் தொடும். மறுநாள் உயிர் இருக்காது.

"வேலாயிக்கா, வெளிய வாங்க. இது நீங்க வச்ச மருந்துதான?"

வேலாயி அடுப்படியிலிருந்து வந்தாள். புருஷன் இல்லாமல் தனியாக இருப்பவள். போன மாதம் அவளுடைய லீக்ஸ் பாத்தியைக் கோழிகள் கிளறிவிட்டபோது, "இன்னொரு தடவ வந்தா மருந்து வச்சிருவேன்" என்று அவள் கத்தியதை லயமே கேட்டிருந்தது.

"கோவத்துல சொன்னது புள்ள. நா ஒண்ணும் வைக்கல."

வாசலில் கூடியவர்கள் யாரும் அதை நம்பவில்லை.

மறுநாள் இன்னொரு கோழி தள்ளாடியது. மருந்துதான் என்று ஒரு டாக்டர் வாயால் சொன்னால் வேலாயி மறுக்க முடியாது என்று நினைத்து, பிரேமினி அதை ஒரு பையில் போட்டு டவுனுக்குக் கொண்டுபோனாள். மிருக வைத்தியர் சிங்களவர். இறகு ஒன்றை லேசாக இழுத்தார். கையோடு வந்தது.

"மருந்து இல்ல நங்கி. அழுகின மிருகத்தில இருக்கிற புழு தின்னா இப்பிடி வரும். பக்கத்தில எங்கயோ பெரிசா ஒண்ணு செத்துக் கிடக்கு. தேடி ஆழமா பொதைங்க."

வேலாயியிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்தபடியே பஸ்ஸில் வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மிச்சக் கோழிகளைத் திறந்துவிட்டுப் பின்னாலேயே போனாள். அவை அவளுடைய கிழங்குத் தோட்டத்தைத் தாண்டி, காடாகிப்போன தேயிலைக்குள் இறங்கின. நாற்றம் அடித்தது. மழைத்தண்ணீர் வடியும் கானுக்குள் யாரோ மானாப்புல்லை வெட்டி மூடியிருந்தார்கள். நாயாக இருக்கும் என்று நினைத்துக் குச்சியால் விலக்கினாள்.

புள்ளி புள்ளியான தோல். சிறுத்தை. அதன் இடுப்பை ஒரு பிரேக் கம்பி இறுக்கியிருந்தது. கிழங்கைத் தோண்டும் காட்டுப்பன்றிக்கென்று அவள் புருஷன் நிரோஷன் ஆட்டோ கராஜிலிருந்து வாங்கிவந்த கம்பி.

அவன் வேலை முடிந்து வந்ததும் கேட்டாள். "கான்ல கெடக்குறது உங்களுக்குத் தெரியுமா?"

நிரோஷன் கதவைச் சாத்தினான். "பன்னிக்குத்தான் கட்டுனேன். காலையில போய்ப் பாத்தா இது செத்துக் கெடக்கு. வெளிய தெரிஞ்சா வனஜீவிகாரங்க என்னய புடிச்சிட்டுப் போயிருவாங்க."

"நான் வேலாயிக்காவ எல்லார் முன்னாலயும் கேட்டுட்டேன்ங்க."

"மெதுவா பேசு."

இரண்டு காம்பராவுக்கும் நடுவிலிருந்த சுவர் கூரைவரை போகவில்லை. அந்தப் பக்கம் வேலாயி இருமினாள்.

"நாய் செத்துக் கெடந்திச்சு, அதத் தின்னுதான்னு சொல்லட்டா?"

"எங்கன்னு கேப்பாங்க. காட்டச் சொல்லுவாங்க."

ஞாயிற்றுக்கிழமை லயத்துச் சனம் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் இருவரும் மழையில் குழி தோண்டி அதைப் புதைத்தார்கள். கம்பியையும் உள்ளே போட்டார்கள். அதன்பிறகு ஒரு கோழியும் சாகவில்லை.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது அதே லயத்து மீனம்மா கேட்டாள். "இப்ப சாகலதான? நீ கேட்டதும் பயந்து நிறுத்திட்டா."

"அது மருந்து இல்லக்கா. ஏதோ நோயாம். டாக்டரே சொன்னாரு."

"நோயின்னா எங்க கோழிக்கெல்லாம் ஏன் வரல? நீ பாவம் பாத்துப் பேசுற."

சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்றார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னாலும் அது கானில்தான் போய் நிற்கும். பிரேமினி கூடையை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

வேலாயி இப்போது எல்லோரும் கொழுந்தெடுக்க மலைக்குப் போன பிறகுதான் தண்ணீர் பிடிக்கப் பைப்படிக்கு வருகிறாள். ஒருநாள் பிரேமினி வேலைக்குப் போகாமல் அங்கே காத்திருந்தாள்.

"அக்கா, நீங்க வைக்கலன்னு எனக்குத் தெரியும்."

வேலாயி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது எனக்கே தெரியும். லயத்துல சொல்லு."

குடம் நிரம்பியது. தூக்கிவிடப் பிரேமினி கை நீட்டினாள். வேலாயி தானே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறிப் போனாள்.