நிபுணர் எடுத்த வீடியோ

கம்ப்யூட்டர் டீச்சருக்கு அந்த நிபுணரைப் பார்த்த மாத்திரத்திலேயே பற்றிக்கொண்டு வந்தது. பெண்பிள்ளைகளை இணையப் பாதுகாப்புப் படிப்புக்கு இழுக்க வந்தாராம். பெண்கள் மனசைப் புரிந்து தயாரித்த பாடமாம். திரையைப் போட்டால் எல்லாம் ரோஜா நிறம்! பாஸ்வேர்டு நகைப்பெட்டிச் சாவியாம், வைரஸ் சமையலறைக் கரப்பான்பூச்சியாம். அட கஷ்டகாலமே! இந்த லட்சணத்துக்கு ஒரு கோட்டு, கேமராவுக்கு ஒரு ஸ்டாண்டு வேறு.

"உங்க போனை வீட்டுல யாருகிட்டயும் குடுக்காதீங்க," என்றார் நிபுணர்.

முப்பது பிள்ளைகளும் கொல்லென்று சிரித்தார்கள். எல்லாம் தையல் ஆலையில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள். வீட்டுக்கு ஒரே போன், அதுவும் அப்பா கையில் அல்லது அண்ணன் கையில். நிபுணர் திருதிருவென்று விழித்தார்.

"இதுங்களுக்கு ஆர்வமே இல்ல மேடம்," என்று டீச்சர் காதில் முணுமுணுத்தார்.

ஆர்வம் இல்லையாம்! டீச்சர் மைக்கை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"சரி பிள்ளைங்களா, போன்ல எதை யாருகிட்டேருந்து மறைக்கிறீங்க? எப்படி மறைக்கிறீங்க?"

அவ்வளவுதான், ஆளுக்கு ஆள் முண்டியடித்தார்கள். ஒருத்தி தோழியின் எண்ணை 'ஊசிநூல் கடை' என்று பதிந்து வைத்திருந்தாள். இன்னொருத்தி தேடியதையெல்லாம் மொத்தமாக அழிக்கவே மாட்டாளாம். சமையல் குறிப்பு நாலைந்தை விட்டுவைப்பாளாம். துடைத்து வைத்தால் சந்தேகம் வருமே!

அப்புறம் வாயாடி எழுந்தாள். வகுப்பு வைத்த பெயர்தான். கணக்கில் புலி, இந்தப் படிப்பையே மேற்கொண்டு படிக்கத் துடிப்பவள். பெயர் கெடுகிற மாதிரி ஒரு பேச்சு காதில் விழுந்தாலும் பள்ளிக்கூடம் கிடையாது என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.

"எங்கண்ணன் போன்லயே எனக்குன்னு ஒரு தனிக்கணக்கு ஒளிச்சு வச்சிருக்கேன் மிஸ். காலேஜுக்கு விண்ணப்பம் போட்டதே அதுலதான். ஆறு மாசமா கண்டுபிடிக்கல, மண்டு!"

கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. எதிராளி யார், அவன் எதைப் பார்ப்பான், எதைக் கண்டால் உஷாராவான் என்று டீச்சர் பலகையில் எழுதி, அதையே பாடமாக நடத்தினாள். இருபத்தாறு பேர் படிப்புக்குப் பெயர் கொடுத்தார்கள். நிபுணர் ஓரமாக நின்று கேமராவைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். ஆபீசில் காட்டிப் பீற்றிக்கொள்ளத்தான் எடுக்கிறார் என்று நினைத்து டீச்சர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

மறுநாள் காலை அந்த வீடியோ தெருத்தெருவாகச் சுற்றியது. தன் நிறுவனத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டிருந்தார் அந்தப் புண்ணியவான். முகத்தோடு, குரலோடு, பள்ளிச் சீருடையோடு! பாதுகாப்பு நிபுணராம், தூ!

"உடனே அதை எடுங்க சார்!" என்று டீச்சர் போனில் கத்தினாள்.

"ஐயோ மேடம், எத்தனை லைக் விழுந்திருக்கு பாருங்க! அந்த வாயாடிப் பொண்ணுதான் ஸ்டாரே!"

மத்தியானம் வாயாடியின் அண்ணன் பள்ளிக்கூடத்தில் வந்து நின்றான். தங்கையைப் படிப்பிலிருந்து நிறுத்த மாற்றுச் சான்றிதழ் வேண்டுமாம். டீச்சர் கெஞ்சிப் பார்த்தாள். அவன் கையெழுத்துப் போட அலுவலக அறைக்குள் போனான். வாயாடி வராந்தாவில் தனியாக நின்றாள்.

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த அயோக்கியன் இப்படிப் பண்ணுவான்னு நெனைக்கலடி. உனக்குத் தெரியாம படம் எடுத்துட்டான்."

"தெரியும் மிஸ்," என்றாள் அவள். "கேமராவைப் பாத்துட்டுதான் இருந்தேன். நீங்க பக்கத்துல நின்னீங்களேன்னு பேசினேன்."