மாயக்காள் வாங்கி வைத்துக்கொண்ட பை

"அப்பா, பைக்குள்ள இருட்டா இருக்குமே, உள்ள இருக்கிறதுக்குப் பயமா இருக்காதா?" என்று என் மகள் சின்ன வயதில் ஒருமுறை கேட்டாள். உள்ளே இருப்பது வெறும் பொருள், பொருளுக்குப் பயம் கிடையாது என்றேன்.

"நீ பாத்தியா?" என்றாள்.

மாயக்காளின் வழக்கில் அந்தப் பைக்குள் யாரும் பார்த்திருக்கவில்லை. ஆனாலும் அது கஞ்சா வழக்கு. நான் அவருடைய வக்கீல்.

நடந்தது எளிமையானது. மகளுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது என்று தகவல் வந்து மாயக்காள் பஸ் ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அதன் பிறகு கூட்டம் ஏறியது. நின்றுகொண்டிருந்த ஒருவர் தம் பையை நீட்டினார். உட்கார்ந்திருப்பவர்கள் வழக்கமாகச் செய்வதுபோல மாயக்காள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த நிறுத்தத்தில் கஞ்சா தேடிப் போலீஸ் ஏறியது. பை கொடுத்தவரைக் காணவில்லை.

"பெரிய அதிகாரி ஒருத்தர் முன்னாடிதான் சோதிக்கணும்னு கேக்குற உரிமை உங்களுக்கு இருக்கும்மா" என்று ஏட்டு சட்டப்படி சொன்னார்.

"உரிமைன்னு குடுக்குறீங்க. வேணாம்னு சொன்னா நல்லா இருக்காதே" என்றார் மாயக்காள்.

அதிகாரிக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் கிளம்பிவிட்டார். அவர் வரும்வரை பை மடியிலிருந்து அசையக் கூடாது. ஆகவே மாயக்காள் அசையக் கூடாது. ஆகவே பஸ்ஸும் அசையக் கூடாது. ஆஸ்பத்திரியில் மகளின் வலி பாதியில் நின்று, அம்மா வரட்டும் என்று காத்திருந்தது.

நீதிமன்றம் பஸ்ஸுக்கு வந்தது.

நீதிபதி ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைத் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தார். கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தால் விசாரணை போகும். ஒரு விசிலுக்கு நிற்கும். பயணிகள் எல்லோரும் அரசுத் தரப்புச் சாட்சிகள். அவரவர் பையை அவரவர் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாருடையதையும் வாங்கி வைப்பதில்லை.

நான் பின்படிக்கட்டில் ஏறி மாயக்காளிடம் போக வேண்டும். வாய்தாவுக்கு வாய்தா அந்த நடைவழி நீண்டுகொண்டே போனது. இரண்டு பக்கமும் இருந்தவர்கள் என் சட்டைப் பையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நெத்தியில என்னது?" என்றார் அரசு வழக்கறிஞர் கோதண்டபாணி.

"திருநீறு."

"பொடியா இருக்கே."

மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். சாம்பல்தான், ஆனால் எதன் சாம்பல் என்று சொல்வதற்கில்லை என்று முடிவு வந்தது. அதன் பிறகு நீதிபதி கண்ணாடியை என் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தார்.

ஒவ்வொரு வாய்தாவிலும் ஏட்டு பையின் கைப்பிடியில் கொக்கித் தராசை மாட்டி, மடியிலிருந்து நூல் அளவு தூக்கிப் பார்ப்பார். நூல் அளவுக்குத் தனியாக அனுமதி வாங்கியிருந்தார்கள். முதல் முறை எட்டு கிலோ. அடுத்த முறை பதினொன்று. அதற்கடுத்து பதினாறு.

"தொறக்காத பை எப்படி ஏறும்?" என்று ஆட்சேபித்தேன்.

"இலை, காம்பு, விதை, சந்தேகம் எல்லாம் சேத்துத்தான் எடை" என்றார் கோதண்டபாணி. "இருபதைத் தாண்டட்டும் சார். அப்புறம் பத்து வருஷத்துக்குக் குறையாது. உங்க கட்சிக்காரம்மா பேரப்புள்ளைய ஸ்கூல் யூனிஃபார்ம்ல பாப்பாங்க."

பயணிகள் சிரித்தார்கள். பை இன்னும் கொஞ்சம் கீழே அழுந்தியது.

நான் மாயக்காளின் காதருகே குனிந்தேன். "பையக் குடுத்தவரு முகம் ஞாபகம் இருக்காக்கா?"

"மூஞ்சியப் பாக்கல தம்பி. கையத்தான் பாத்தேன். கம்பியப் பிடிச்சுப் பிடிச்சு வெரலெல்லாம் செவந்து கெடந்துச்சு."

"உங்களுக்குச் சந்தேகமே வரலையா?"

"என்ன சந்தேகம்? கனமா இருக்குன்னுதான நீட்டுறாங்க. கனமா இருக்குன்னுதான வாங்குறோம்."

அவர் கண்ணை நான் ஒரு நொடி கூடுதலாகப் பார்த்துவிட்டேன். மடியில் பை முனகியது. ஏட்டு ஓடிவந்து தராசை மாட்டினார். அரை கிலோ கூடியிருந்தது.

"இது உங்களுது சார்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மாயக்காள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "விடுங்க தம்பி. ஊரே ஏறியிருக்கு, நீங்க ஒரு ஓரத்துல உக்காருறதுல என்ன" என்றார்.

அன்றிலிருந்து அந்தப் பையைப் பார்க்கும்போதெல்லாம் மனதுக்குள் முருகன் பெயரைச் சொன்னேன். எடை குறையவில்லை. என்னால் ஏறவும் இல்லை.

கைகளை அடையாளம் காட்ட அனுமதி கேட்டு மனுப் போட்டேன். அனுமதித்தார்கள். ஜன்னல்கள் வழியாக வரிசையாகக் கைகள் உள்ளே நீண்டன. உடம்புகள் வெளியே நின்றன. மாயக்காள் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். கடைசிக் கை மட்டும் வியர்த்திருந்தது. அது இன்ஸ்பெக்டருடையது. கை போதவில்லை என்று அவரும் நீட்டியிருந்தார்.

"எது?" என்றார் நீதிபதி, கண்ணாடியிடம்.

"எல்லாக் கையும் அலுத்துப்போய்த்தான் இருக்குங்கய்யா."

"ஒண்ணைச் சொல்லுங்கக்கா" என்றேன். "சொல்லலேன்னா நீங்க உள்ள போகணும்."

"தெரியாம ஒண்ணைச் சொன்னா அந்தக் கை உள்ள போகணுமே தம்பி. அதுக்கும் யாராச்சும் சோறு போட்டு வச்சிருப்பாங்க."

கைகள் ஒவ்வொன்றாக வெளியே போயின. இன்ஸ்பெக்டரின் கை முதலில் போனது.

இறுதி வாதத்தன்று எடை பத்தொன்பதரை. அதிகாரி கிளம்பிவிட்டார், இன்னும் தம் தெருவைத் தாண்டவில்லை என்று தகவல் சொன்னார்கள். நான் நின்றபடி வாதாடினேன். நின்றுகொண்டிருந்த பஸ் வளைவுகளில் சாய்ந்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தேன். மறு கையில் வழக்குக் கட்டு. தெரிந்து வைத்திருப்பது வேறு, மடியில் இருப்பது வேறு என்று சொல்லிக்கொண்டிருந்தபோது பஸ் பலமாகச் சாய்ந்தது. கட்டு நழுவப் பார்த்தது.

"குடுங்க தம்பி, நான் வச்சுக்கிறேன்" என்று மாயக்காள் கையை நீட்டினார்.

கொடுத்துவிட்டேன். நானும் யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. அவர் அதைப் பையின் மேல் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

எல்லோரும் அந்த மடியைப் பார்த்தார்கள்.

"தராசு" என்றார் கோதண்டபாணி மெதுவாக. "மடியில உள்ளது எல்லாமே அவங்க வசம்தான்."

"அது என் கட்டு" என்றேன்.

"யாரோ குடுத்ததுன்னுதான் அவங்களும் மொதல்லேர்ந்து சொல்றாங்க."

ஏட்டு கட்டோடு சேர்த்துப் பையைத் தூக்கினார். என் முகத்தைப் பார்க்காமல் எடையைப் படித்தார். இருபதைத் தாண்டியிருந்தது. நீதிபதி கண்ணாடியில் தலையசைத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு தீர்ப்பு என்றார். கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தார்.

எல்லோரும் இறங்கினார்கள். தங்கள் பைகளை விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனமில்லை. தூக்கிக்கொண்டே டீக்கடைக்குப் போனார்கள். அங்கேயும் ஒருவர் பையை ஒருவர் பார்த்தபடி குடித்தார்கள். மாயக்காள் மட்டும் எங்கேயும் போக முடியாது என்று ஏட்டும் போய்விட்டார்.

நான் குற்றம் செய்தவன்போல நின்றுகொண்டிருந்தேன்.

"கட்டு நனைஞ்சிருச்சான்னு பாருங்க தம்பி" என்றார் மாயக்காள். "என் கை வேர்த்துப் போச்சு."

ஓட்டுநர் கண்ணாடியைப் பார்த்தேன். அதில் காலி இருக்கைகள் மட்டும் தெரிந்தன. மாயக்காளின் இருக்கையும் காலியாகத்தான் தெரிந்தது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினேன்.

"குடுங்கக்கா."

"எதை?"

"ரெண்டையும்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். யாரையும் சந்தேகிக்காத அந்த முகத்தில் முதல் தடவையாக ஒரு சந்தேகம் வந்தது. "எதுக்கு தம்பி?"

"நீங்க என்னுதை வாங்கினீங்கள்ல."

"கனக்கும்."

"தெரியும்க்கா."

கொடுத்தார். அவர் சேலையில் பையின் அடி பதிந்து சதுரமாக ஒரு தடம் இருந்தது. அதைக் கையால் நீவிவிட்டுக்கொண்டார். எழுந்தபோது கால் மரத்துப்போய் ஒருமுறை தடுமாறினார். பிறகு இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து நடந்தார். நடைவழி அவருக்குச் சின்னதாக இருந்தது. முன்படிக்கட்டில் இறங்கி, டீக்கடைக்கு எதிர்ப்பக்கமாக, ஆஸ்பத்திரி இருக்கும் திசையில் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன்.

பஸ்ஸில் யாரும் இல்லை. பையின் மேல் கட்டை வைத்தேன். இரண்டும் சரியாமல் அணைத்துக்கொண்டு ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒருவர் உட்காரலாம்.